பேனரில் கோட்டு

“செத்தவனுக்கு எவன்டா கோட்டு மாட்டிவிட்டது?”

மயிலாடுதுறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இருவரில் வழுக்கைத்தலைக்காரர் இப்படிக் கேட்டார். ஆடுதுறையில் வண்டி நின்றிருந்தது. எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் கோட்டு போட்டு, டை கட்டிய ஓர் ஆள்.

“பேனர் கடையில கம்ப்யூட்டர்ல மாட்டுனதுதான். நம்ம பத்தாங்கிளாஸ் பசங்க சேர்ந்து, எல்லார் பேரையும் போட்டு வச்சோம்” என்றார் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர்.

“துபாய் வெயில்ல பதினாலு வருஷம் கட்டடத்துக்குக் கம்பி கட்டுனான்டா செல்வம். பக்கத்துல நின்னு நானும் கட்டுனேன். கீழ தொழிலதிபர்னு போட்டிருக்கீங்க! அவன் பார்த்த வேலையைச் சொல்ல உங்களுக்கு அவ்வளவு வெக்கமா?”

“கத்தாதே, பஸ்ஸே பார்க்குது.”

“பார்க்கட்டும். வாய்க்கால்ல தண்ணி வரலன்னு, கருகுன நாத்தை விட்டுட்டு துபாய் ஏஜென்ட் வீட்டுக்கு ஓடுனவன்டா. அவனுக்குக் கோட்டாம் கோட்டு!”

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“கோட்டு அவன் சம்சாரம் கேட்டதுடா. ‘ஒரு தடவையாவது அவரை அப்படிப் பார்த்துக்கிறேண்ணே’ன்னு சொல்லுச்சு.”

வண்டி கிளம்பியது. வழுக்கைத்தலைக்காரர் கழுத்தைத் திருப்பி, பேனர் மறையும்வரை பார்த்தார். பிறகு சொன்னார்:

“சரி, கோட்டு இருக்கட்டும். தொழிலதிபரை அழிச்சிட்டுக் கம்பி கட்டுனவர்னு போடச் சொல்லு. இல்லேன்னா என் பேரை அதுலேருந்து எடுத்துரு.”