அழித்துவிட்ட ஏரி

கொண்டாப்பூரிலிருந்து அமீர்பேட் போகும் பஸ்; வெளியே தூறல். என் முன்சீட்டில் கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒரு வருடமாக இணையக் கவிதைக் குழுமத்தில் பழக்கம், நேரில் சந்திப்பது அன்றுதான் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

"உங்க ஏரி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்குங்க," என்றார் மூத்தவர்.

இளையவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அந்தக் கவிதையா? அழிச்சுட்டேனேக்கா! இதெல்லாம் கவிதையே இல்லன்னு ஒருத்தர் பின்னூட்டம் போட்டார். அப்புறம் நான் எழுதவே இல்ல."

"அதுக்கு முன்னாடியே பிரிண்ட் எடுத்துட்டேன். எங்கம்மா தவறின வாரம் அது. தினமும் காப்பி போடறப்ப படிப்பேன். தண்ணிக்குள்ள மெதுவா நடந்து போற மாதிரி இருக்கும்."

இளையவள் ஜன்னலில் வழியும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே நல்லா இருந்துச்சாக்கா?"

"கடைசி வரி மட்டும் வேண்டாம். அது எங்களுக்குப் பாடம் எடுக்குது."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்ல. சொல்றீங்களா?"

மூத்தவர் கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் சொல்லத் தொடங்கினார். இளையவள் நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டே வந்தாள். கடைசி வரிக்கு முன்னால் குரல் நின்றது.

பேனா நிற்கவில்லை.