பொறியை அடக்கிய நாராயணப்பன்

மேடையை நிறைத்திருக்கும் நிர்வாகத்தாரே, உட்கார இடமில்லாமல் நிற்கும் என் தொழிலாளத் தோழர்களே, கணவரை இழந்து கலங்கி நிற்கும் கெம்பம்மா அக்கா, வணக்கம். சோதனைப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த சுவாதி பேசுகிறேன்.

நம் ஓசூர் மோட்டார் ஆலையின் பொறியாளர் நாராயணப்பன் மாரடைப்பால் மறைந்துவிட்டார். சற்றுமுன் மேலாளர் மோகன்குமார், "அவர் எங்கள் நிறுவனத்தின் தூண்" என்றார். தூணாம்! அந்தத் தூணைப் பிடுங்கிப் பேக்கிங் பிரிவில் போட்டது யார்?

எதற்காகப் போட்டீர்கள்? சின்ன மோட்டாரில் கரித்துண்டுகள் சுழலும் செம்பில் உரசும்போது பொறி பறக்கும். அப்போது எகிறும் மின்னழுத்தத்தை ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும், பொறி அடங்கும். அடங்காவிட்டால் அது பக்கத்துக் கருவிகளையெல்லாம் குழப்பும். செலவு மிச்சம் என்று அதையே எடுத்துவிட்டார்கள் இந்த மேதைகள்! நாராயணப்பன் இவர்கள் முன்னால் மோட்டாரை ஓடவிட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்தார். கரகரவென்று கத்தியது. மோட்டாரில் கெப்பாசிட்டரை இணைத்தார், பாட்டு கேட்டது. மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா?

"பாட்டு கேக்கறதுக்கா மோட்டார் வாங்கறாங்க? சுத்துதில்ல, அனுப்புய்யா!"

"இது ஆஸ்பத்திரி மிஷினுக்குப் போவுது சார். நான் பாஸ் போடமாட்டேன்."

மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினீர்கள். வேறு ஆளை வைத்துப் பாஸ் போட்டு அனுப்பினீர்கள்.

கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனை. நம் மோட்டார் பொருத்திய சளி உறிஞ்சும் கருவியைப் போட்டாலே பக்கத்திலிருந்த இதயத்துடிப்பு மானிட்டரில் கோடுகள் கிறுக்கலாகின. நர்ஸ் சரிதா போனில் அழுதார்: "நெஞ்சு நின்னுபோச்சோன்னு ஓடறோம் சார். எது நெசம், எது பொய்யின்னே தெரியல."

அந்தப் போனை எந்த மேலாளர் எடுத்தார்? ஒருவரும் எடுக்கவில்லை! பேக்கிங்கில் கிடந்தவர்தான் எடுத்தார். விடுப்புப் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு கருவியாகத் திறந்து கெப்பாசிட்டர் வைத்தார். மானிட்டரில் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியதும், "அப்பாடா, இனிமே அந்தப் பொண்ணு ஓடவேணாம்" என்றார். அதற்கான விருதை ஆண்டு விழாவில் வாங்கியவர் யார்? இதோ, நம் மேலாளர், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! துடையுங்கள் ஐயா, ஈரமே இல்லாத கண்ணை நன்றாகத் துடையுங்கள்!

கெம்பம்மா அக்கா, உங்களுக்கு வெறும் ஆறுதல் சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாளை போகவேண்டிய மோட்டார்களிலும் கெப்பாசிட்டர் இல்லை. இன்று காலை அத்தனையையும் நிராகரித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டேன். மேலாளரே, என்னை எங்கே வேண்டுமானாலும் மாற்றுங்கள். என் இடத்தில் யாரை உட்காரவைப்பீர்கள்? சோதனைப் பிரிவு மொத்தமும் எதிரேதான் இருக்கிறது. இங்கேயே கேளுங்கள், யார் பாஸ் போடுகிறார்கள் பார்ப்போம்!