காய் இறங்கும் வரை

கோடையிலும் மின்விசிறி போடாத வீடு பம்பாய் செம்பூரில் எங்களுடையது ஒன்றுதான் இன்ஸ்பெக்டர் சார். மாடியை ஒட்டி நிற்கும் மரம் அப்படி. இங்கே கடைத்தெருவில் ராம்பத்ரி என்பார்கள், நம் பக்கத்தில் காட்டு ஜாதிக்காய். காட்டிலேயே அருகிப்போன மரம்.

அது பெண் மரம். ஆண் மரத்துப் பூவின் மகரந்தம் படாமல் காய்க்காது. கர்ஜத் காட்டிலிருந்து ஆண் பூவை ஈரத்துணியில் சுற்றி நான் கொண்டுவருவேன். மிளகளவு பூ. என் தடித்த விரல் பட்டால் உதிர்ந்துவிடும். தங்கை ஜெயசீலிதான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுவிடுவாள். அவளுக்கு வசதியாக ஜன்னல் கம்பிகளை நானே எடுத்துவிட்டேன். சீனாச் சண்டை வந்த வருடம் முதல் காய் பிடித்தது. அன்று அழுதுவிட்டேன்.

தாராவிப் பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் லாசருக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். நல்ல பையன். நான் மறுக்கவேயில்லை. ஆனால் பூப்பது லெந்து நோன்பு நாட்களில், அப்போது நம்மவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்தால் பிஞ்சுகளை அணில் கடிக்காமல் பார்க்க ஆள் வேண்டும். காய் இறங்கட்டும் என்றேன். அது வருடம் தாண்டித்தான் பழுக்கும், அதற்குள் அடுத்த பூ வந்துவிடும். "அப்பம் நா எப்பம்ணே போவேன்?" என்று ஒருநாள் கேட்டாள். மரத்தின் சுபாவத்துக்கு நான் என்ன செய்ய?

இந்த வருடம் லெந்துக்கு முன்பே முடித்துவிடலாமென்று, என்னைக் கேட்காமல் லாசர் வீட்டார் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வைத்துவிட்டார்கள். அவள் அறையை வெளியே பூட்டினேன். மூன்று வேளையும் சோறு கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியாகக் கிளையில் இறங்கியிருக்கிறாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கிளை வளைந்து, இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தாள். "அண்ணே, கையப் பிடிங்க" என்றாள்.

எட்டியது. எட்டவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கிளை அடியில் விரிசல் விட்டிருந்தது. காய் முழுவதும் அதில்தான். அவளை இழுத்தால் முறிந்திருக்கும். அதனால் கிளையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

கீழே கல்தளம். இரண்டு கால்களும் இனி வராது என்கிறார்கள். விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை என்று டாக்டரே சொன்னார். அவளுக்கு வலிக்காமல் பார்த்துத்தான் பிரித்தேன் சார்.

லெந்து பிறக்க அதிக நாள் இல்லை. அவளை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.