கப்பல் போன பிறகு டைம் கீப்பர் சொன்னது

துறைமுகக் காவல் நிலையத்தில், கப்பல் புறப்பட்ட அன்றே மாலை, நிலைய அதிகாரி கேட்க, நான் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது.

என் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் இணைத்துள்ள பாஸ்போர்ட் நகலில் கண்டபடி. வயது 67. பேருந்து நிலையத்தில் முப்பத்தாறு வருடம் டைம் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது, டைம் கீப்பர் என்றால் தெரியும். என் காலத்தில் என் விசில் இல்லாமல் ஒரு வண்டி நிலையத்தை விட்டு நகர்ந்தது கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன், ஏனென்றால் வாசலில் நிற்கிற காவலர் முதற்கொண்டு எல்லோரும் கிழவர் நேரம் தெரியாமல் கப்பலை விட்டுவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது என் காதில் விழுந்தது.

என்னுடன் பயணம் செய்தவர்கள் மூன்று பேர். என் மனைவி, வயது 62. என் ஒரே மகள். மகளின் கணவர், அதாவது என் மருமகன், மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. என் புகார் மேற்படி மருமகன் மீது. ஒன்பது நாள் கப்பல் சுற்றுலாவில் இன்று ஐந்தாம் நாள். என்னையும் என் மனைவியையும் இந்த ஊரில் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்று திட்டம் போட்டு, என் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தவர் அவர்தான். அடுத்த துறைமுகத்தில் அவரைக் கப்பலிலிருந்து இறக்கி விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டதற்குச் சொல்வது: ஆம், அப்படி இறக்கினால் என் மகளின் குடும்ப வாழ்க்கை அதோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்தில் இரண்டு முறை அவள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரணம் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். ஒன்றுமில்லாததற்கு யாராவது பெட்டி கட்டுவார்களா? இந்தப் பயணம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் போவதாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவருடன் நடுக்கடலுக்குப் பெண்ணைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, எனவே நாங்களும் வருகிறோம் என்று நானே சொல்லி, பக்கத்து அறையையே கேட்டு வாங்கினேன். மருமகன் "வாங்க மாமா, சந்தோஷம்" என்றார். அவர் சந்தோஷப்பட்ட விதமே எனக்குச் சரியாகப் படவில்லை.

கப்பலில் ஏறிய நாள் முதல் அவருடைய நடமாட்டத்தை ஒரு சிறு நோட்டில் நேரத்தோடு குறித்து வந்தேன். அது என் வேலைப் பழக்கம். நோட்டைத் தாக்கல் செய்கிறேன். இரண்டாம் நாள் காலை 7.12, மேல்தளத்தில் தனியாக நின்று போனில் பேச்சு, நான்கு நிமிடம். மூன்றாம் நாள் மாலை 5.40, மகளும் அவரும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து பேச்சு, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. நான்காம் நாள் காலை 9.25, கப்பலின் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் "யாராவது கரையிலேயே நின்னுட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று விசாரித்தார். தூணுக்குப் பின்னால் நின்று இதை என் காதால் கேட்டேன். தூணுக்குப் பின்னால் ஏன் நின்றீர்கள் என்றால், அங்கேதான் நிற்க இடம் இருந்தது.

அதன் பிறகு இன்று காலை சாப்பிடும்போது மருமகன் ஒரு துண்டுச் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். அதையும் தாக்கல் செய்கிறேன். அதில் அவர் கையெழுத்தில் எழுதியிருப்பது: இந்த ஊர் நேரம் கப்பல் நேரத்தைவிட ஒரு மணி பின்னால், போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், அதை நம்ப வேண்டாம். கடைசியாக ஏற வேண்டியது கப்பல் நேரம் 4.30, புறப்படுவது 5. கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த வண்டியில் போனால் தாமதமானாலும் கப்பல் நிற்கும், வெளிவண்டி என்றால் நிற்காது. கப்பல் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற வேண்டாம். மாத்திரை கையில் இருக்கட்டும். ஏதாவது ஆனால் துறைமுக ஏஜென்டைக் கூப்பிடவும். கீழே ஏஜென்டின் எண். படித்ததுமே எனக்குப் பொறி தட்டியது. கப்பலைத் தவறவிடப் போகிறவனுக்குத்தானே ஏஜென்ட் எண் வேண்டும்? சீட்டை என் மனைவியிடம் கொடுத்து, பத்திரமாக வை, பின்னால் உதவும் என்றேன்.

மகளும் மருமகனும் கப்பல் வண்டியில் அருவி பார்க்கப் போனார்கள். அருவிக்கு நானூறு படி என்றதால் என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எங்களை வெந்நீர் ஊற்றுக்குப் போகும் கப்பல் வண்டியில் ஏறச் சொல்லி மருமகன் மூன்று முறை வற்புறுத்தினார். ஒரு விஷயத்தை ஒருவர் மூன்று முறை சொன்னால் அதில் அவருக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று அர்த்தம், எனவே மறுத்துவிட்டேன்.

என் கடிகாரம் சாவி கொடுக்கும் வகை, வேலையில் சேர்ந்த வருடம் வாங்கியது. கப்பல் நேரத்துக்கு வைத்திருந்தேன். கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் சோதனைத் தட்டில் அதைக் கழற்றி வைத்தபோது மருமகன்தான் எடுத்துக் கொடுத்தார். அவர் கையில் அது இருந்தது ஏறக்குறைய பத்து விநாடி. அதன் பிறகு 9.05க்குத் துறைமுக வாசலுக்கு வந்தோம். அங்கே உள்ள மணிக்கூண்டு 8.05 காட்டியது. ஒரு மணி வித்தியாசம் சரியாக இருந்தது. "ஊர் மணியைப் பாத்துக் குழம்பாதே" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் "சரிங்க" என்றாள். என் மனைவிக்குக் கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை, நான் இருந்தேன்.

அதன் பிறகு வாசலில் நின்ற வேன்களில் முதல் மூன்று டிரைவர்களின் முழி பிடிக்காமல் நான்காவது வேனை அமர்த்திக்கொண்டு, ஐம்பது நிமிடப் பயணத்தில் வெந்நீர் ஊற்றை அடைந்தோம். குளிக்கப் போகும் முன் கடிகாரத்தைக் கழற்றி மனைவியின் கைப்பையில் போட்டேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது சரியாக ஒரு மணி. திரும்பப் பையில் போட்டுவிட்டு அங்கிருந்த சாய்வு நாற்காலியில் படுத்தேன். வெந்நீரும் சாப்பாடும் சேர்ந்து என்னை அடித்துப்போட்டது போல் தூங்கவைத்துவிட்டன. விழித்தபோது மனைவி கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு. எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்திலும் இரண்டு. இரண்டும் ஒத்துப்போனதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது. முப்பத்தாறு வருடம் நிலையத்துக் கடிகாரத்தோடு என் கடிகாரத்தை ஒத்துப் பார்த்தவன் நான், இரண்டும் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சுவரில் இருப்பது ஊர் நேரம், என் கையில் இருக்க வேண்டியது கப்பல் நேரம், இரண்டும் ஒத்துப்போகவே கூடாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேன் டிரைவர், "சார், கப்பல் வண்டியெல்லாம் கிளம்பிடுச்சு. நாமளும் கிளம்பிடலாமா?" என்றார். எங்களைச் சீக்கிரம் இறக்கிவிட்டு வேறு சவாரி பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, "நேரத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன். அவர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். வழியில் கடைத்தெருவில் என் மனைவி, "ஏங்க, ஒரு செருப்பு பாக்கணும்" என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் தனக்காக அவள் ஒரு வண்டியை நிறுத்தச் சொன்னது இதுவே முதல் தடவை. பதினொரு ஜோடி போட்டுப் பார்த்தாள். "எதுவும் கால்ல உக்காரலைங்க" என்று வெறுங்கையோடு வந்தாள்.

மணிக்கூண்டில் 4.10, என் கையிலும் 4.10. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். கப்பல் கரையை விட்டு ஒரு பேருந்து நீளம் விலகியிருந்தது. நாங்கள் கையைக் காட்டிக்கொண்டு ஓடினோம். மேல்தளங்களில் நின்ற பயணிகள் கைதட்டினார்கள், சிலர் போனில் படம் பிடித்தார்கள். கம்பி ஓரத்தில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மருமகன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். எனக்கு டாட்டா காட்டினார். அதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அதன் பிறகு என் மனைவி சீட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட, ஏஜென்ட் வந்தார். எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார். பயணி ஏறவில்லை என்று தெரிந்தால் கப்பல் ஊழியர்கள் அறையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாம். நாளைக் காலை விமானத்தில் போனால் அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடித்துவிடலாம் என்றார். இரண்டு இடம் போடுங்கள் என்று அங்கேயே சொன்னேன். என் ரத்த அழுத்த மாத்திரை அறையில் இருக்கிறதே என்று பதறியபோது என் மனைவி கைப்பையைத் திறந்தாள். நான்கு நாளைக்கு மாத்திரை, இரண்டு பல் துலக்கும் பிரஷ், எனக்கு ஒரு செட் துணி. அவள் அவ்வளவு ஜாக்கிரதையானவள்.

கேட்டதற்குச் சொல்வது: ஆம், சோதனைத் தட்டில் மருமகன் கடிகாரத்தைத் தொட்ட பிறகும் மணிக்கூண்டின் அடியில் அது சரியாகத்தான் இருந்தது. ஆம், வெந்நீர் ஊற்றில் ஒரு மணிக்குப் பார்த்தபோதும் சரியாக இருந்திருக்க வேண்டும். அப்போது மருமகன் நானூறு படிக்கு மேலே இருந்தார். வேன் டிரைவர் அவருடைய ஆளாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். அவரை அமர்த்தியது நான்தான். நான்காவதாக.

கேட்டதற்குச் சொல்வது: மருமகன் கப்பல் ஏணியடியில் நின்று, இரண்டு வயதானவர்கள் வரவேண்டும், ஏணியை எடுக்காதீர்கள் என்று பன்னிரண்டு நிமிடம் தகராறு செய்ததாகவும், அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதாகவும் துறைமுகக் காவலர் பதிவேட்டில் எழுதியிருப்பதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். இது எனக்குத் தெரியாது. கிளம்புகிற வண்டியைப் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்ததில்லை.

அப்படியானால் கடிகாரத்தைத் தொட்டது யார் என்று அதிகாரி கேட்டார். யாரும் தொடவில்லை, என் மனைவியின் பையில்தான் இருந்தது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து, "திருப்பினது நான்தாங்க. மாப்பிள்ளையை விட்டுடுங்க" என்றாள்.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன். உனக்குத் திருப்பத் தெரியாதே என்று அவளைக் கேட்டேன்.

"நாப்பத்தோரு வருஷமா தினம் காலைல நீங்க திருப்பறதைப் பாத்துக்கிட்டுதானே நிக்கறேன். சீட்டுல மாப்பிள்ளை எல்லாம் எழுதியிருந்தாரு. எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு போட்டிருந்தாரோ, அதையெல்லாம் செஞ்சேன்."

ஏன் என்று அதிகாரி கேட்டார். அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள்.

"நேத்து நம்ம பொண்ணு பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதா. சேர்ந்து இருக்கறதா வேண்டாமான்னு மனசு விட்டுப் பேசத்தாம்மா வந்தோம், வாயைத் திறந்தா அப்பா நாற்காலியைத் தூக்கிட்டு வந்துடறாருன்னா. உங்ககிட்ட சொன்னா அதையும் நோட்டுல எழுதுவீங்க. நாலு நாள் அவங்க பேசட்டும்னு தோணுச்சு. மாப்பிள்ளை டாட்டா காட்டலைங்க. தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. கண்டக்டர், டிரைவர், செக்கர், மாப்பிள்ளை என்று நான் சந்தேகப்படாத ஆளே கிடையாது, சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் இவள். பதினொரு ஜோடிச் செருப்பும் ஒருத்தி காலுக்குச் சேராதா என்று கடையிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தாக்கல் செய்த நோட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாம் நாள் மாலை 5.40க்கு நான் போனபோது மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மருமகன் ஏதோ சொல்ல, அவர் தோளில் தட்டிச் சிரித்தாள். பெட்டியோடு வந்த இரண்டு முறையும் எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்தும் நான் எழுதவில்லை. இப்போது எழுதிக்கொள்ளவும்.

மருமகன் மீது நான் சொன்ன புகாரை விலக்கிக்கொள்கிறேன். என் மனைவி மீது எனக்குப் புகார் இல்லை. வெளியே காத்திருந்த ஏஜென்டைக் கூப்பிட்டு, நாளைய விமானத்தில் இடம் வேண்டாம், நான்கு நாள் தங்க அறை பாருங்கள் என்று அதிகாரி முன்னிலையில் சொன்னேன். அடுத்த ஊரில் கப்பலில் ஏறினால் நான் சும்மா இருக்க மாட்டேன், அது எனக்கே தெரியும். நோட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டாள்.

எழுதியதை முழுதும் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததாகச் சொன்னவை நான் பார்த்தவை, நான் நினைத்ததாகச் சொன்னவை நான் நினைத்தவை மட்டுமே, இரண்டும் ஒன்றல்ல என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன். கையொப்பத்தின் கீழ் நேரம் போட வேண்டும், மணி என்ன என்று எழுத்தர் என்னைக் கேட்டார். நான் என் மனைவியைக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்து, "ஏழு நாப்பதுங்க" என்றாள். என் கையில் இருப்பதோடு ஒத்துப் பார்க்கவில்லை, அப்படியே போட்டுக்கொள்ளவும்.

நேரம்: மாலை 7.40, என் மனைவி சொன்னபடி.

(கையொப்பம்)