நட்சத்திர விரிசல்

– மரத்துல இடிச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. இது மரத்தோட அடி இல்ல.

– அக்கா, நல்லாப் பாருங்க. இந்தக் கேரவன் வண்டியோட பக்கச் சுவர் மூணு இடத்துல வெடிச்சிருக்கு. என் தங்கச்சி புருஷன் கார்ல மாட்டி எடுத்துட்டுப் போய் எங்கயோ இடிச்சிருக்கான். வேலை தெரிஞ்ச உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா போதும் எனக்கு.

– எடுத்துட்டுப் போனதைப் பாத்தீங்களா?

– பாக்கணுமா? ரெண்டு நாள் வெளியூர்ல இருந்தேன். வந்து பாத்தா கதவுப் பூட்டை அறுத்துப் போட்டிருக்கு. கேட்டா, "ஆமா, நான்தான் அறுத்தேன், வண்டியைச் சரி பண்ணித் தர்றேன்"ங்கிறான். எதுக்கு அறுத்தேன்னு கேட்டா பேச்சு மூச்சு இல்ல.

– சக்கரத்துக்கு முட்டு வச்ச கட்டை நகர்ந்திருந்துச்சா?

– இல்ல. திரும்பக் கொண்டாந்து அதே இடத்துல வச்சிருப்பான். கில்லாடிப் பய. நான் கிளம்பின அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கையில ரம்பத்தோட ஓடுனதைப் பக்கத்து வீட்டம்மா பாத்திருக்காங்க.

– பட்டப்பகல்ல, ரம்பத்தைக் காட்டிக்கிட்டு ஓடுற கில்லாடியா? சரி, அந்த மையை எடுங்க. இப்படித் தேச்சுத் தொடைச்சா விரிசல்ல மட்டும் மை தங்கும். என்ன தெரியுது?

– நட்சத்திரம் வரைஞ்ச மாதிரி இருக்கு.

– வெளியிலேர்ந்து அடி பட்டா வட்டம் வட்டமா வெடிக்கும். உள்ளேர்ந்து குத்தினாத்தான் இப்படி ஒரு புள்ளியிலேர்ந்து நாலா பக்கமும் ஓடும். முப்பது வருஷமா பைபர் படகு பழுது பாக்குறேன், இதுல ஏமாற மாட்டேன்.

– உள்ளேர்ந்தா! அப்ப கூட்டாளிங்களைக் கூட்டிட்டு வந்து கூத்தடிச்சிருக்கான். அடிதடி நடந்திருக்கு.

– கொஞ்சம் அடங்குங்க. இந்தக் காசால தட்டுறேன், கேளுங்க. இங்க கணீர்னு இருக்கு, நல்ல இடம். இங்க தொப்பு தொப்புன்னு கேக்குதா? பைபர் அடுக்கு பிரிஞ்சுபோச்சு. மேலாப்ல பூச்சு பூசினா மறுபடி வெடிக்கும். உள்பக்கம் சுவர்ல ஒட்டியிருக்கிற துணியைக் கிழிச்சு, அரைச்சு, புதுசா ரெண்டு அடுக்கு ஒட்டணும். அதிருக்கட்டும், ஜன்னலை ஏன் பசை வச்சு அடைச்சிருக்கீங்க?

– மழைக்கு ஒழுகுச்சு. நான்தான் அடைச்சேன்.

– சரி, உள்ள ஏறி வாங்க. மூணு அடி பட்ட இடமும் படுக்கைக்கு ஒரு முழம் மேல இருக்கு. நின்னு சண்டை போடுறவன் இவ்ளோ தாழ்வாக் குத்துவானா? இது உக்காந்துக்கிட்டுக் குத்தினது. இங்க யாரு படுப்பா?

– யாரும் இல்ல. அப்பா மட்டும் எப்பவாவது மத்தியானம் வந்து சாய்வார், வீட்ல டிவி சத்தம்னு.

– அவரைக் கேட்டீங்களா?

– எங்க கேக்குறது? நான் வர்றதுக்குள்ள அவரையும் அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டான். போன் பண்ணா, "நல்லா இருக்கேன், மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாத"ன்னு வச்சிடுறார். நல்லா வசியம் பண்ணி வச்சிருக்கான்க்கா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க. அப்பா முன்னாடியே அவனை நிக்க வச்சு, இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லப் போறேன். தங்கச்சி அழுதாலும் சரி.

– கொஞ்சம் இருங்க. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல என்னமோ சிக்கியிருக்கு... வந்துடுச்சு. ரப்பர் மூடி. கைத்தடியோட அடியில மாட்டுறது.

– குடுங்க, பாக்குறேன்.

– சுவர்த் துணியில வச்சுப் பாருங்க. பள்ளத்துல அப்படியே உக்காருதா?

– உக்காருது.

– யாரோடது?

– அப்பாவோடது.

– முதல் ரெண்டு அடியும் ஆழம். மூணாவது லேசா இருக்கு. கை ஓஞ்சுபோச்சு பாவம், அந்த மனுஷனுக்கு. கதவைத் தொறக்க முடியாம, ஜன்னலும் இல்லாம தட்டியிருக்கார். உள்ள ஆள் இருக்கிறப்ப எந்தப் புண்ணியவான் வெளியில பூட்டினான்?

– நான்தான். ஊருக்குக் கிளம்புற அவசரம்க்கா. இவன் வண்டியைக் கேக்காம எடுத்துடுவானோன்னு புதுப் பூட்டு வாங்கியிருந்தேன். மத்தியானம் ரெண்டு மணி. உள்ள எட்டிக்கூடப் பாக்கல.

– அஞ்சு மணிக்குத்தானே ரம்பத்தோட ஓடினார் உங்க மாப்பிள்ளை?

– நான் போய்க் கேட்டப்ப, ரம்பம் பட்ட விரல்ல கட்டுப் போட்டிருந்தான்க்கா. "திருட்டுப் பயலே, உனக்கு நல்லா வேணும்"னேன்... என்னை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.