எழுபத்தைந்து போதும்

முதல்முறையாக நைட்ரஸ் கேட்டு என் கார் உதிரிபாகக் கடைக்கு வருகிறவனுக்கு நான் முதலில் ஒரு காபி ஊற்றிக் கொடுப்பேன். சூடான கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் ரொம்ப அவசரப்பட முடியாது.

பிறகு விளக்குவேன். நைட்ரஸ் என்பது மாயமில்லை ஐயா, சிலிண்டரில் அடைத்த வாயு. அது உள்ளே போனால் இஞ்சின் பெரிதாக மூச்சு விடும். அந்த மூச்சுக்கு ஏற்ற பெட்ரோலும் போனால் வண்டி பறக்கும். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் மெழுகாய் உருகும். அதனால் தெருவில் ஓட்டும் காருக்கு, அதுவும் முதல் நைட்ரஸ் கிட் என்றால், வாயுவையும் பெட்ரோலையும் சேர்த்துத் தருகிற வகைதான் நல்லது. எழுபத்தைந்து குதிரைத்திறன் போதும். இந்த ஜார்ஜியா மாநிலத்தில் என் பேச்சைக் கேட்டு இஞ்சினைக் கெடுத்துக்கொண்டவன் ஒருவனும் இல்லை.

டால்டன் என் மனைவி மார்லீனின் தம்பி. பழைய மஸ்டாங் கார் ஒன்றை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க அதன் அடியிலேயே கிடந்தான். வசந்தத்தில் கடைக்கு வந்தான்.

"அத்தான், நூத்தம்பது குடுங்க. எழுபத்தஞ்செல்லாம் கிழவிங்க சர்ச்சுக்குப் போறதுக்கு."

"முதல்ல எழுபத்தஞ்சு. அடுத்த வருஷம் பாப்போம்."

"எனக்காகப் பயப்படுறீங்களா, இல்ல என்னப் பாத்துப் பயப்படுறீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊருக்கு வெளியே, பருத்திக்கு மருந்தடிக்கும் விமானங்கள் இறங்கிய பழைய ஓடுபாதை இருக்கிறது. சனிக்கிழமை மதியங்களில் அங்கேதான் பந்தயம். பல வருடங்களாக என் கமரோ காரை யாரும் முந்தியதில்லை. ஊரில் எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான். சர்ச்சில்கூட என்னை அதை வைத்துத்தான் அறிமுகப்படுத்துவார்கள்.

ஈஸ்டர் விருந்தில், பன்றித் தொடையை நான் அறுத்துக்கொண்டிருந்தபோது, டால்டன் சொன்னான்: "இந்த சீசனோட அத்தானுக்கு ரிட்டயர்மென்ட். பின்னாடி வந்து என் வண்டிப் புகைய மோந்து பாக்கட்டும்." மார்லீன் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

கிட்டை நானே பொருத்திக் கொடுத்தேன். எவ்வளவு வாயு, எவ்வளவு பெட்ரோல் என்று அளப்பது ஜெட் எனப்படும் இரண்டு பித்தளைத் துண்டுகள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை, நடுவில் ஊசித் துளை. பெட்ரோலுக்கு எழுபத்தைந்தின் துண்டைப் போட்டேன். வாயுவுக்கு நூற்றைம்பதின் துண்டைப் போட்டேன். இஞ்சின் போகும், பையன் அடங்குவான் என்றுதான் நினைத்தேன். "சனிக்கிழமை வரைக்கும் நைட்ரஸ் பட்டனத் தொடாத" என்று சொல்லி அனுப்பினேன். சரி அத்தான் என்றான்.

சனிக்கிழமை நல்ல வெயில். பாதையோரத்தில் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் தனியாக ஒரு வெள்ளோட்டம் விடுகிறேன் என்றான் டால்டன். மார்லீன் என் கையில் தன் பையைக் கொடுத்துவிட்டு, "நானும் ஒரு ரவுண்டு போறேன்" என்று அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்க நினைப்பது தெரியும். தடுக்க நேரம் இருந்தது. அவள் பெல்ட் போட்டாள், கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைக் கட்டினாள். நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். இறங்கு என்றால் ஏன் என்று கேட்பாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது ஐயா. அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

பாதி தூரத்தில் இஞ்சின் வெடித்தது. கொட்டிய எண்ணெயில் டயர்கள் வழுக்கி, வண்டி பைன் மரங்களுக்குள் போயிற்று. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் மரத்தில் மோதியது.

உங்கள் போலீஸ் ஆட்கள் நூற்றைம்பது துண்டைக் கண்டெடுத்தார்கள். டால்டன்தான் பேராசையில் மாற்றியிருப்பான் என்று ஊரே முடிவுகட்டியது. நூற்றைம்பது வேண்டும் என்று அவன் கேட்டது கடையில் எல்லோருக்கும் தெரியுமே. நான் பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். தலையில் அடிபட்டதில் அந்த வாரம் முழுக்க அவன் நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தது.

"எனக்கு ஞாபகம் வரல அத்தான். ஆனா நான்தான் மாத்தியிருப்பேன், இல்ல? வேற யாரு மாத்துவா? அக்காவக் கொன்னுட்டேன் அத்தான்."

கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அவன் நெற்றியைத் தடவி, "மன்னிச்சுட்டேன்டா" என்றேன். வெளியே நின்ற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

இப்போது அவன் நீதிபதி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். வக்கீல்கூட வேண்டாம் என்கிறானாம். அதனால்தான் வந்தேன். துண்டை மாற்றிப் போட்டது நான். அவள் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நான் அவனை மன்னித்தது மன்னித்ததுதான்.