மேல்வீட்டு வடகம்

— அதென்ன கஜந்தினி, என்னைக் கண்டவுடனை சீலையை முதுகுக்குப் பின்னாலை ஒளிக்கிறாய்?

— ஒண்டுமில்லை அன்ரி. முற்றம் கூட்டினனான்.

— சீலையாலையோ?

— விளக்குமாறு... மேலை கிடக்கு.

— என்ரை மேல்வீட்டுக்கு எத்தினை பேர் வாடகைக்கு வந்து போச்சினம். ஒருத்தரும் என்ரை முற்றத்தைக் கூட்டினதில்லை. நீ விடியக் காலமையே இறங்கி வந்து கூட்டுறாய். நல்ல பிள்ளைதான்.

— அதிலை என்ன அன்ரி...

— ஆனால் வேப்பமரத்துக்குக் கீழை மட்டுந்தான் கூட்டுறாய். அங்காலை மாமரத்துச் சருகு குவிஞ்சு போய்க் கிடக்கு.

— அது... நாளைக்குக் கூட்டுவம் எண்டு...

— நாளைக்கு உனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. மரம் அரியிற கேதீஸ்வரன் வாள் கொண்டு வாறான். வேப்பமரத்தைத் தறிக்கப் போறம்.

— ஏன் அன்ரி?

— கனடாவிலை இருந்து மகன் சொல்லுறான், குப்பை கொட்டுற மரமாம். தறிச்சுப்போட்டுச் சீமெந்து போடட்டாம்.

— இப்பவோ? பூ இன்னும் முடியேல்லையே.

— பூவிலை உனக்கென்ன அலுவல்? சொல்லு பிள்ளை.

— ஏசக்கூடாது அன்ரி.

— ஏசேல்லை. சீலையை விரி, பாப்பம்... ஓகோ. முழுக்க வேப்பம்பூ.

— வடகம் போட. உளுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம் எல்லாம் மானிப்பாய்ச் சந்தையிலை வாங்கலாம். வேப்பம்பூ ஆர் விக்கினம்? எங்களுக்கோ ஒரு சாண் காணி இல்லை. அதுதான் பொழுதுபட மரத்துக்குக் கீழை சீலையை விரிச்சு விட்டிட்டு, விடிய வந்து அள்ளுறனான்.

— வடகமும் கடையிலை இருக்குத்தானே.

— என்ரை மாமியை உங்களுக்குத் தெரியாது. சாவகச்சேரியிலை அவவுக்குப் பெரிய வளவு. போற நேரமெல்லாம் ஒரு போத்தல் வடகத்தை நீட்டி, மாடியிலை இருக்கிற உனக்கு எங்காலை பிள்ளை வடகம் எண்டு சபையிலை சொல்லுவா. எங்கடை அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அழுகை வரும் அன்ரி. இந்த முறை நான் ஒரு போத்தல் கொண்டுபோய் அவவின்ரை கையிலை குடுக்கோணும்.

— அதுக்கு ஏன் களவு? என்னட்டைக் கேட்டிருக்கலாமே.

— விழுந்த பூவைத்தானே... வீட்டுக்கு வந்த அண்டைக்கே நீங்கள் சொன்னியள், மரத்திலை கை வைக்கக்கூடாது எண்டு.

— அட விசரி, நான் சொன்னது கறுத்தகொழும்பான் மாமரத்தை. வேப்பம்பூவுக்கு ஆரும் காவல் இருப்பினமோ?

— எனக்கென்ன தெரியும்...

— சரி, போத்தல் நிரம்பிட்டுதோ?

— எங்க நிரம்புறது. மேல் தட்டிலை சுளகிலை காயப்போட்டால் பின்னேரம் பாதிதான் இருக்கு. காகம் தூக்குது. வலை கூட மூடிப் பாத்திட்டன்.

— எடுத்தாப்பிறகு வலையைத் திருப்பி வடிவா மூடியும் விட்டிருக்குமே காகம்.

— ஓம், அதுதான் எனக்கும் விளங்கேல்லை... அன்ரி, மூடிக் கிடந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மத்தியானத்திலை உங்கடை குசினியிலை இருந்து ஒரு பொரியல் மணம் வாறது...

— மரத்தை ஒருத்தரும் தறிக்கப் போறதில்லை. மகன் கேட்டவன்தான், மாட்டன் எண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டன். என்ரை மரத்துப் பூவிலை வடகம் போட்டு எனக்கு ஒண்டு தரேல்லையே எண்ட கோவம், அதுதான் உன்ரை வாயைக் கிளறினனான். போ, கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வா. கொப்பை உலுப்பி விடுறன், மாமிக்கு ரெண்டு போத்தலாக் கொண்டு போ. உப்பை மட்டும் கொஞ்சம் கூடப் போடு பிள்ளை... பொரிச்சுத் திண்ட காகம் சொல்லுது.